இடையில் விமானம் மாறும் நாட்டுக்கும் விசா வேண்டுமா? டிரான்சிட் விசா: முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் என் பெரியப்பாவும் பெரியம்மாவும் பிரேசிலில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கக் கிளம்பினார்கள். பிரேசில் விசா பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தது. டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், ஐரோப்பாவில் இரண்டு ஊர்களில் விமானம் மாறுகிற மாதிரி ஒரு டிக்கெட் பிடித்திருந்தார். விலை குறைவு என்று எல்லோருக்கும் சந்தோஷம். நள்ளிரவில் மீனம்பாக்கம் செக்-இன் கவுண்டரில் பாஸ்போர்ட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்த பெண், "ஷெங்கன் விசா எங்கம்மா?" என்று கேட்டார். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசா அது. "நாங்க ஐரோப்பாவுக்குப் போகலையே, பிரேசிலுக்குத்தானே போறோம்" என்றார் பெரியம்மா. எவ்வளவு பேசியும் ஏற்றவில்லை. கட்டிய பெட்டிகளோடு விடியற்காலையில் வீடு திரும்பினார்கள். கவுண்டரில் இருந்தவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, அவர் சொன்னதுதான் சட்டம். நாலு நாள் கழித்து துபாய் வழியாகப் புது டிக்கெட் எடுத்தோம். பழைய டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி போனது போனதுதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் வெளிநாடு கிளம்பினாலும், பணம் கட்டும் முன் டிக்கெட்டை என்னிடம் அனுப்பச் சொல்வேன். அப்படிப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். முக்கியமாக இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விதி வேறாக இருக்கும் முக்கியமான ஓர் இடத்தைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். விமான நிறுவனம் ஏன் இதில் இவ்வளவு கறாராக இருக்கிறது? சரியான ஆவணம் இல்லாத பயணியைக் கொண்டுபோய் இறக்கினால் அபராதம் நிறுவனத்துக்கு விழும். பிரிட்டனில் அது ஒரு பயணிக்கு 2,000 பவுண்ட் வரை போகும். திருப்பி அழைத்துவரும் பொறுப்பும் அவர்களுடையதுதான். அதனால் கவுண்டரில் இருப்பவர்கள் டைமாடிக் என்ற தரவுத்தளத்தில் உங்கள் நாடு, வழி, விசா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் போர்டிங் பாஸ் கொடுப்பார்கள். அங்கே சிவப்பு காட்டினால் கெஞ்சிப் பயனில்லை.

படி 1: டிக்கெட் வாங்கும் முன் வழியைத் தாளில் வரையுங்கள்

டிரான்சிட் விசா தேவையா இல்லையா என்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் டிக்கெட்டிலேயே முடிவாகிவிடுகிறது. டிக்கெட்டை வாங்கிவிட்டு விசாவைப் பற்றி விசாரிப்பதால்தான் இத்தனை பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு தாளில் போகும் வழியையும் திரும்பும் வழியையும் எழுதுங்கள். ஊர்ப் பெயர் போதாது, விமான நிலையத்தின் பெயரும் டெர்மினல் எண்ணும் வேண்டும். விமானம் வந்து சேரும் நேரம், அடுத்தது கிளம்பும் நேரம் இரண்டையும் தேதியோடு குறியுங்கள். நள்ளிரவைத் தாண்டும் பயணங்களில் தேதி குழம்புவது சகஜம். அப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மூன்று கேள்விகள்.

ஒன்று, எல்லாப் பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கிறதா? அதாவது ஒரே பி.என்.ஆரா? அப்படியானால் பெரும்பாலும் சென்னையிலேயே கடைசி ஊர் வரைக்கும் போர்டிங் பாஸ் கிடைக்கும், பெட்டியும் நேராகப் போய்ச் சேரும். இரண்டு தனி டிக்கெட்டுகளாக எடுத்திருந்தால் முதல் நிறுவனத்துக்கு இரண்டாவது டிக்கெட்டைப் பற்றி எந்தக் கவலையும் கிடையாது. உங்கள் பயணம் நடுவழி ஊரிலேயே முடிகிறது என்றுதான் அவர்கள் கணக்கு. நீங்கள் பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். வெளியே வர அந்த நாட்டு இமிகிரேஷனைத் தாண்ட வேண்டும். அதற்கு முழு விசா தேவைப்படலாம். மலிவு விலை விமானங்களைச் சேர்த்து ஒட்டித் தரும் இணையதளங்களில் "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்" என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பது இதைத்தான்.

இரண்டு, இறங்கும் விமான நிலையமும் ஏறும் விமான நிலையமும் ஒன்றுதானா? லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுவது, பாரிஸில் சார்ல் து கோலில் இறங்கி ஓர்லியில் ஏறுவது, இஸ்தான்புல்லில் பெரிய விமான நிலையத்திலிருந்து சபிஹா கோக்சென் போவது, பாங்காக்கில் சுவர்ணபூமியிலிருந்து டான் முவாங் போவது எல்லாமே நாட்டுக்குள் நுழைவதுதான். கோலாலம்பூரில் இன்னொரு சிக்கல் உண்டு. டெர்மினல் 1, டெர்மினல் 2 இரண்டும் ஒரே விமான நிலையத்தின் பெயரில் இருந்தாலும் கட்டிடங்கள் தனித்தனி. தனி டிக்கெட்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக மலேசிய இமிகிரேஷனைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

மூன்று, இடைவேளை எவ்வளவு? இரவு முழுக்க என்றால் ஹோட்டலுக்குப் போக ஆசை வரும். விமான நிலையத்துக்கு வெளியே இருக்கும் ஹோட்டல் என்றால் அதுவும் நாட்டுக்குள் நுழைவதுதான்.

படி 2: உள்ளேயே இருப்பதா, வெளியே வருவதா?

இந்த ஒரு வேறுபாடு புரிந்தால் பாதி குழப்பம் தீர்ந்தது. இமிகிரேஷனுக்கு இந்தப் பக்கமே, கடைகளும் கேட்டுகளும் இருக்கும் பகுதியிலேயே இருந்து அடுத்த விமானம் ஏறுவது ஒரு வகை. இமிகிரேஷனைத் தாண்டி வெளியே வந்து திரும்ப உள்ளே போவது இன்னொரு வகை. பல நாடுகள் முதல் வகைக்கு எந்த விசாவும் கேட்பதில்லை. சில நாடுகள் அதற்கும் கேட்கின்றன. அமெரிக்காவில் முதல் வகை என்ற ஒன்றே கிடையாது.

தாளில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பக்கத்தில் "உள்ளே" அல்லது "வெளியே" என்று எழுதிவிடுங்கள்.

படி 3: அந்த நாட்டின் விதியைப் பாருங்கள்

வளைகுடா நாடுகள் நமக்கு மிக எளிது. துபாய், அபுதாபி, தோஹா விமான நிலையங்களில் ஒரே டிக்கெட்டில் உள்ளேயே மாறுவதற்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம். வெளியே போய் ஊர் பார்க்க வேண்டுமென்றால் ஐக்கிய அரபு அமீரகத்தில் 48 மணி நேர டிரான்சிட் விசா இலவசம், 96 மணி நேரத்துக்கு 50 திர்ஹாம். இதை முன்கூட்டியே விமான நிறுவனம் வழியாகத்தான் கேட்க வேண்டும்.

சிங்கப்பூரிலும் சாங்கி விமான நிலையத்துக்குள்ளேயே மாறினால் விசா தேவையில்லை. வெளியே வர இந்தியர்களுக்கு விசா வேண்டும், ஆனால் நல்ல ஒரு சலுகை இருக்கிறது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து இவற்றில் ஏதாவது ஒரு நாட்டின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்து, சிங்கப்பூர் வழியாக வேறொரு நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு 96 மணி நேரம் விசா இல்லாமல் தங்கலாம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் பலருக்கு லிட்டில் இந்தியாவில் ஒரு நாள் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டுப் போக இது உதவும். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு கொடுத்துவருகிறது, அது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும். மேலே சொன்ன டெர்மினல் சிக்கலும் இதனால் தீர்ந்துவிடும்.

பிரிட்டன் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். அங்கே இரண்டு வகை டிரான்சிட் விசா. இமிகிரேஷனைத் தாண்டாமல் மாறுபவர்களுக்கு ஒன்று. தாண்டி வந்து 48 மணி நேரத்துக்குள் கிளம்பிவிடுபவர்களுக்கு இன்னொன்று. உள்ளேயே மாறுவதற்கும் விசா எடுக்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் இந்தியா இருக்கிறது, அதனால் ஹீத்ரோவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்கும் விசா வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடிய, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விசா இருந்தால் உள்ளேயே மாறுவதற்கு விலக்கு உண்டு. சென்னையிலிருந்து லண்டன் வழியாக அமெரிக்கா போகிற ஆயிரக்கணக்கானவர்கள் டிரான்சிட் விசா என்ற ஒன்றைக் கேள்விப்படாமலே போய்வருவது இந்த விலக்கால்தான். அதே நம்பிக்கையில் லண்டன் வழியாக வேறு ஏதோ ஒரு நாட்டுக்கு டிக்கெட் எடுத்தால் மாட்டிக்கொள்வோம்.

ஷெங்கன் நாடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 29 நாடுகள் சேர்ந்த பகுதி இது. பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் இல்லை. விமான நிலையத்தின் சர்வதேச பகுதியில் மட்டும் இருந்து மாறுவதற்கு "ஏ" வகை விசா என்று ஒன்று உண்டு. 12 நாட்டுக் குடிமக்கள் எந்த ஷெங்கன் விமான நிலையத்தில் மாறினாலும் இதை எடுத்தாக வேண்டும். அந்தப் பன்னிரண்டில் இலங்கை இருக்கிறது, பாகிஸ்தானும் வங்கதேசமும் இருக்கின்றன, இந்தியா இல்லை. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் விமான நிலையங்களுக்கு மட்டும் தனியாகக் கூடுதல் பட்டியல் வைத்துக்கொள்ளலாம். ஜெர்மனி நெடுங்காலம் இந்தியர்களிடம் இந்த விசாவைக் கேட்டுவந்த நாடு. இந்தக் கூடுதல் பட்டியல்கள் மாறிக்கொண்டே இருப்பவை. அதனால் பயணத்துக்கு முன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் பக்கத்தில் அன்றைய நிலையைப் பார்த்தே ஆக வேண்டும். போன வருடம் போய்வந்த நண்பர் சொல்வது போதாது.

விலக்கு இங்கேயும் உண்டு. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா, அல்லது அமெரிக்கா, கனடா, ஜப்பான் விசா வைத்திருப்பவர்களுக்கு "ஏ" விசா வேண்டாம். அந்த விசாவைப் பயன்படுத்திவிட்டு அந்த நாட்டிலிருந்து நேராகத் திரும்பும்போதும் விலக்கு பொருந்தும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று: பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு பிரிட்டிஷ் விசா இந்த விலக்குப் பட்டியலில் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து டொரொண்டோவுக்கு பாரிஸ் வழியாகப் போகிறவர் கனடா விசாவோடு தாராளமாகப் போகலாம். அதே இலங்கை பாஸ்போர்ட்டோடு லண்டனில் இருக்கும் அக்காவைப் பார்க்க பாரிஸ் வழியாகப் போகிறவருக்கு, பிரிட்டிஷ் விசா கையில் இருந்தாலும், "ஏ" விசா வேண்டும். லண்டன் போகிறவர்கள் வளைகுடா வழியாகவோ நேர் விமானத்திலோ போவது நிம்மதி.

இப்போது என் பெரியம்மா மாட்டிய இடம். ஷெங்கன் பகுதிக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பறப்பது உள்நாட்டு விமானம் மாதிரி. சென்னை, ஃபிராங்ஃபர்ட், லிஸ்பன், சாவோ பாலோ என்று ஒரு வழி இருந்தால், ஃபிராங்ஃபர்ட்டிலேயே இமிகிரேஷனைத் தாண்டி ஷெங்கனுக்குள் நுழைந்தால்தான் லிஸ்பன் விமானத்தில் ஏற முடியும். அப்போது "ஏ" விசா போதாது, சாதாரண ஷெங்கன் விசாவே வேண்டும். பெட்டி நேராகப் போனாலும், டிக்கெட் ஒன்றாக இருந்தாலும், இந்த விதி மாறாது. ஷெங்கனுக்குள் இரண்டு நிறுத்தம் இருக்கும் டிக்கெட்டைக் கண்டால், ஷெங்கன் விசா இல்லாதவர்கள் அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

அமெரிக்காவில், முன்பே சொன்னபடி, உள்ளேயே மாறுவது கிடையாது. நியூயார்க்கில் ஒன்றரை மணி நேரம் நின்று கரீபியன் தீவுக்குப் போவதானாலும் முதலில் இறங்கும் ஊரில் இமிகிரேஷன், பெட்டியை எடுத்துச் சுங்கம், மறுபடி பெட்டியைப் போடுவது, மறுபடி பாதுகாப்புச் சோதனை என்று எல்லாம் உண்டு. இதற்கென்றே சி-1 என்ற டிரான்சிட் விசா இருக்கிறது. அதற்கும் டிஎஸ்-160 படிவம், நேர்காணல், 185 டாலர் கட்டணம். சுற்றுலா விசாவான பி1/பி2-க்கும் அதே விண்ணப்பக் கட்டணம்தான். இந்தியர்களுக்கு பி1/பி2 பல ஆண்டுகளுக்கும் கிடைக்கக்கூடும், அதை வைத்தே அமெரிக்கா வழியாகப் போகவும் செய்யலாம். அதனால் தகுதி இருப்பவர்கள் அதற்கே விண்ணப்பிப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசாவும் வேண்டாம்.

அமெரிக்க விசா இல்லையா? தென் அமெரிக்காவுக்கு அமெரிக்காவைத் தொடாமலே வழிகள் இருக்கின்றன. துபாய், தோஹா, அடிஸ் அபாபா மூன்றிலிருந்தும் சாவோ பாலோவுக்கு விமானம் உண்டு. இஸ்தான்புல்லிலிருந்து மெக்சிகோ சிட்டிக்கும் பொகோட்டாவுக்கும் உண்டு. துபாயிலிருந்து மெக்சிகோ சிட்டி போகும் எமிரேட்ஸ் விமானம் பார்சிலோனாவில் ஒருமுறை இறங்கும். அந்த மாதிரி நடுவில் இறங்கும் விமானங்களில் அந்த நாட்டின் விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கனடாவில் 48 மணி நேரத்துக்குட்பட்ட டிரான்சிட் விசாவுக்கும், ஆஸ்திரேலியாவில் 72 மணி நேரம் வரையிலான 771 வகை விசாவுக்கும் கட்டணமில்லை. இலவசம் என்றாலும் விண்ணப்பமும் காத்திருப்பும் உண்டு.

படி 4: திரும்பும் பயணத்தைத் தனியாகச் சோதியுங்கள்

விலக்கு பெற்றுப் போகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. போகும்போது கையில் செல்லுபடியாகும் விசா இருக்கும், திரும்பும்போது அது காலாவதியாகியிருக்கும். படிப்பு முடித்து அமெரிக்காவிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கும். அங்கே தங்கும் உரிமை வேறு, பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் தேதி வேறு. விசா தேதி முடிந்தவர்கள் ஐரோப்பா, பிரிட்டன் வழியாகத் திரும்புவதற்கு முன் அந்த நாட்டின் விலக்கு விதியைச் சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வளைகுடா வழியாக வந்துவிடுங்கள்.

டிரான்சிட் விசாவுக்கே விண்ணப்பிக்கிறீர்கள் என்றால், போகவும் வரவும் சேர்த்து இரண்டு முறை கேளுங்கள். படிவத்தில் ஒருமுறை என்று குறித்துவிட்டால் திரும்பும்போது வழி அடைபடும்.

விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் இரண்டு பாஸ்போர்ட்டையும் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

படி 5: சரிபார்ப்பது எங்கே?

போக வேண்டிய நாட்டின் இணையதளம் அல்ல, மாறுகிற நாட்டின் அரசு இணையதளம் அல்லது இந்தியாவிலுள்ள அதன் தூதரகப் பக்கம். அப்புறம் விமான நிறுவனத்தின் தளத்தில் ஆவணச் சரிபார்ப்புப் பகுதி இருக்கும், பல நிறுவனங்கள் டைமாடிக் தகவலையே அங்கே காட்டுகின்றன. இரண்டும் ஒன்றுபோல் சொன்னால்தான் பணம் கட்டுங்கள். வேறு வேறாகச் சொன்னால் நிறுவனத்துக்கு உங்கள் வழியையும் பாஸ்போர்ட் நாட்டையும் விசா விவரத்தையும் எழுதி மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை அச்செடுத்து வையுங்கள். ஏஜென்ட் "ஒண்ணும் வேண்டாம் சார்" என்றால், எந்த விதியின்படி என்று மரியாதையாகக் கேளுங்கள். கவுண்டரில் நிற்கப்போவது நாம்தான்.

படி 6: செலவைக் கணக்கிட்டு வழியை முடிவு செய்யுங்கள்

ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. "ஏ" வகைக்கும் அதேதான். 6 வயதிலிருந்து 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். இதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ சென்னைக்கு வந்துபோகும் செலவு, ஒரு நாள் விடுப்பு. நான்கு பெரியவர்கள் இருக்கும் குடும்பத்துக்கு வெறும் கட்டணமே 360 யூரோ. மறுக்கப்பட்டால் திரும்பக் கிடைக்காது. அந்த மறுப்பு பதிவிலும் இருக்கும், பின்னால் விண்ணப்பிக்கும் பல படிவங்களில் அதைச் சொல்ல வேண்டியும் வரும்.

ஆகவே டிக்கெட்டில் பத்தாயிரம் ரூபாய் மிச்சம் என்பதற்காக டிரான்சிட் விசா தேவைப்படும் வழியை எடுப்பது பெரும்பாலும் நஷ்டம். வேறு வழியே இல்லாதபோதும், நேர வித்தியாசம் மிகப் பெரிதாக இருக்கும்போதும், வயதானவர்களுக்கு நிறுத்தங்கள் குறையும்போதும்தான் அது நியாயம்.

படி 7: விண்ணப்பத்தின் வரிசை

சரி, டிரான்சிட் விசா எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. முதலில் கடைசியாகப் போய்ச் சேரும் நாட்டின் விசா. அது கைக்கு வந்த பிறகுதான் டிரான்சிட் விசா. காரணம் எளிது: "என் நாட்டில் தங்காமல் அங்கே போய்விடுவாய் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்பதுதான் டிரான்சிட் விசாவின் ஒரே கேள்வி, அதற்கு முதல் பதில் அந்த விசா. ஷெங்கன் படிவத்திலேயே பயணக் காரணத்தில் விமான நிலைய டிரான்சிட் என்று ஒரு கட்டம் இருக்கும். கடைசி நாட்டுக்கான நுழைவு அனுமதியை யார் கொடுத்தது, எந்தத் தேதி வரை என்றும் கேட்பார்கள்.

இரண்டு விசாவுக்கும் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவைக்க வேண்டியிருப்பதால் நாள் கணக்கு முக்கியம். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல 15 நாள், சிலருக்கு 45 நாள் வரை நீளும். பிரிட்டிஷ் டிரான்சிட் விசாவுக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பொதுவாக மூன்று வாரத்தில் முடிவு வரும். கடைசி நாட்டு விசாவுக்கு ஒரு மாதம், இதற்கு ஒரு மாதம், நடுவில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க இரண்டு வாரம் என்று வைத்து, பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

எந்தத் தூதரகத்தில்? விமானம் மாறும் ஊர் எந்த நாட்டிலோ அந்த நாட்டிடம். போகும்போது ஒரு ஷெங்கன் நாட்டிலும் வரும்போது வேறொன்றிலும் மாறுகிறீர்கள் என்றால் முதலில் மாறும் நாட்டிடம்.

படி 8: ஆவணங்கள்

பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கனைவிட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கங்கள் காலியாக இருக்க வேண்டும். ஆறு மாதம் மீதி இருந்தால் எல்லா நாட்டுக்கும் பொதுவாகப் பாதுகாப்பு. அதோடு புகைப்படம், நிரப்பிக் கையெழுத்திட்ட படிவம், கடைசி நாட்டின் விசா நகல், போகவர முழு வழியும் தெரியும் விமான முன்பதிவு. அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்பதற்கான அழைப்புக் கடிதம் அல்லது ஹோட்டல் பதிவு, இங்கே திரும்பி வருவதற்கான வேலை, தொழில், குடும்பச் சான்று. வங்கிக் கணக்கு அறிக்கையும் சேர்த்து வையுங்கள். சாதாரண ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயமான 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு "ஏ" விசாவுக்குக் கிடையாது. ஏஜென்ட் அதையும் சேர்த்து விற்கப் பார்த்தால் கேள்வி கேளுங்கள்.

முன்பதிவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சில நூறு ரூபாய்க்கு "டம்மி டிக்கெட்" போட்டுத் தருகிறவர்கள் உண்டு. அதிகாரி சரிபார்க்கும் நாளில் அந்தப் பதிவு ரத்தாகியிருந்தால் உங்கள் நேர்மை மேல் சந்தேகம் விழும். விமான நிறுவனமே சில நாளுக்கு விலையைப் பிடித்துவைக்கும் வசதி தந்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் ரத்து செய்யக்கூடிய டிக்கெட். கொஞ்சம் கூடுதல் செலவுதான், ஆனால் உண்மையான பதிவு.

ஒரு பக்கத்துக்கு மிகாத கடிதம் ஒன்று எழுதுங்கள். நான் யார், எந்தத் தேதியில் எந்த விமானத்தில் எங்கே வந்து எத்தனை மணிக்கு எதில் கிளம்புகிறேன், கடைசி நாட்டு விசா எண் என்ன, விமான நிலையத்தைவிட்டு வெளியே வர மாட்டேன். இவ்வளவு போதும். ஐரோப்பா என் கனவு என்றெல்லாம் எழுதினால் எதிர்மறையாகத்தான் போகும்.

நம் பெயர்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது தலைப்பெழுத்து விரிந்து அப்பா பெயர் அங்கே வந்திருக்கும். படிவம், முன்பதிவு, இரண்டு விசா எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வர வேண்டும். ஒன்றில் "எஸ்", மற்றொன்றில் "சுப்பிரமணியன்" என்றிருந்தால் கவுண்டரில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒற்றைப் பெயர் உள்ளவர்களின் அமெரிக்க விசாவில் "எஃப்.என்.யு" என்று மூன்று எழுத்து வரும், முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது, பயப்பட ஒன்றுமில்லை. 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு வருகை விசா தருவதில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பார்கள் என்று பிறகு விளக்கினார்கள். துபாயில் வெளியே வரும் எண்ணம் இருந்தால் இதைக் கவனியுங்கள்.

படி 9: மையத்துக்குப் போகும் நாள்

சென்னையில் பல நாடுகளுக்கு விண்ணப்பங்களை வாங்குவது தூதரகம் அல்ல, வி.எஃப்.எஸ் போன்ற நிறுவனத்தின் மையம். அவர்கள் முடிவெடுப்பதில்லை, வாங்கி அனுப்புவார்கள். கைரேகையும் புகைப்படமும் எடுப்பார்கள். முந்தைய ஷெங்கன் விசாவுக்கு 59 மாதங்களுக்குள் கைரேகை கொடுத்திருந்தால் பொதுவாக மறுபடி தேவையில்லை. வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்து பதியாமல் சிரமப்படுவார்கள், முந்தின நாளிலிருந்தே கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டு, அன்று காலை நன்றாகக் கழுவிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பெரியப்பாவுக்கு அது உதவியது.

பாஸ்போர்ட் திரும்ப வந்ததும் வாசலிலேயே விசாவைப் படியுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள், எத்தனை முறை, எந்த வகை. பிழை இருந்தால் அன்றே சொல்ல வேண்டும்.

படி 10: கிளம்பும் நாள்

எல்லா ஆவணங்களும் ஒரு மெல்லிய கோப்பில், கைப்பையில். மின்விசா இருந்தால் அச்செடுத்துக்கொள்ளுங்கள், ஃபோன் சார்ஜ் தீரும். கவுண்டருக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் போங்கள், சரிபார்க்க அவர்களுக்கும் நேரம் வேண்டும். பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். நடு ஊரின் குறியீடு இருந்தால் உடனே கேளுங்கள், ஏனென்றால் அங்கே பெட்டியை எடுக்க நீங்கள் வெளியே வர வேண்டியிருக்கும், உங்கள் விசா அதற்கு இடம் தராது.

அடிஸ் அபாபா, நைரோபி போன்ற ஊர்கள் வழியாகப் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் ஒரு விசா மாதிரிதான். விமான நிலையத்தைவிட்டு வெளியே வராமல் மாறியவர்களுக்கு இந்தியா விலக்கு வைத்திருக்கிறது, ஆனால் அது சுகாதார அதிகாரி ஒத்துக்கொள்வதைப் பொறுத்தது. சான்று இல்லாதவர்களை ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட வேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும்.

விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் பதற வேண்டாம். கூட்டத்தோடு இமிகிரேஷன் வரிசைக்குப் போய்விடாமல், உள்ளேயே இருக்கும் டிரான்ஸ்ஃபர் மேசைக்குப் போங்கள். "எனக்கு உள்ளே மாறுவதற்கு மட்டும்தான் விசா, வெளியே போக முடியாது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் இடம் போட்டுத்தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஹோட்டல் சீட்டு கொடுத்தால், அது விமான நிலையத்துக்குள்ளே இருக்கும் ஹோட்டலா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வெளியே என்றால் சாப்பாட்டுச் சீட்டும் போர்வையும் கேட்டு உள்ளேயே இருந்துவிடுங்கள். புது வழியில் வேறொரு நாட்டில் மாறச் சொன்னால், அந்த நாட்டுக்கும் படி 3-ஐ அங்கேயே நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் தலையாட்டுங்கள்.